சீரியம் மட்டும்

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் அக்கா வீட்டில் தூக்கம் வருகிறதா? முதுகுவலித் தைலத்தை இங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டீர்கள்.

நீங்கள் அறுத்துக் கொடுத்த கார்பனடைட் பாறைத் துண்டுகளை இன்று மறுபடி சோதித்தேன். அருமண் தனிமங்களில் சீரியம் மட்டும்தான் எகிறியிருக்கிறது. தனிம அட்டவணையில் அதன் இரு பக்கத்து லாந்தனமும் பிரசியோடைமியமும் ஒழுங்காக இருக்கின்றன. வேறு தாதுவின் தூள் உங்கள் ரம்பத்தில் ஒட்டியிருந்தால் மூன்றும் சேர்ந்தே ஏறியிருக்கும். முதலாண்டு மாணவர்களுக்கு நானே நடத்தும் பாடம் இது.

பாறைக்கு மெருகேற்றும் வைரப் பசை தீர்ந்துபோன அன்று, கண்ணாடிக்குப் போடும் மெருகுத்தூளால் அந்தத் துண்டுகளைத் தேய்த்தது நான். அந்தத் தூளே சீரியம் ஆக்சைடுதான். பாறையின் விரிசல்களில் அது புகுந்துகொண்டது.

துறைக் கூட்டத்தில், சோதனை முடிவு ஏன் தப்பாக வந்தது என்று கேட்டபோது, அத்தனை பேர் முன்னால், "இவர் ரம்பத்தைக் கழுவியிருந்தா இந்தக் கூத்தே வந்திருக்காது. வீட்லயும் இப்படித்தான்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

"உப்பு போட்டியான்னு கேட்டாக்கூட, ருசி பார்த்துட்டுத்தான் பதில் சொல்லுவே" என்று என்னைக் கேலி செய்வீர்கள். உங்களைக் குறை சொல்லும்போது மட்டும் நான் எதையும் சோதித்துப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை அதே ஆட்கள் முன்னால் இதைச் சொல்லப்போகிறேன். நீங்கள் கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்தால் போதும். அவர்கள் சிரிக்கட்டும். நீங்கள் சிரிக்க வேண்டாம்.

தைலத்தைக் கொண்டுவருகிறேன். வீட்டுக்கு வந்துதான் தேய்த்துக்கொள்ள வேண்டும் என்றில்லை.

உங்கள் வீட்டுக்காரி