இன்னும் ஐந்து வருடம் உன் பெயர்

அன்பு பாப்பாவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்பளவில் சுகம்தான், அப்பாவின் முட்டிவலி கூடவும் இல்லை குறையவும் இல்லை, ஆகையால் அதையும் சுகம் என்றே எழுதிவிடுகிறேன். அங்கே நீயும் மாப்பிள்ளையும் எப்படி இருக்கிறீர்கள்? போன ஞாயிறு போனில் உன் குரல் கம்மியிருந்தது, கேட்டால் தூக்கக் கலக்கம் என்றாய், எதற்கும் வெந்நீர் குடி. போனில் பேசாமல் இவள் ஏன் பக்கம் பக்கமாக எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் எங்கே பேசுவது, உன் அப்பா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார், நான் விஷயத்துக்கு வந்தாலே கண்ணால் மிரட்டுகிறார். அதனால்தான் இதை எழுதி, படம் பிடித்து அனுப்புகிறேன். என் எழுத்து புரியாவிட்டால் பெரிதாக்கிப் படி.

விஷயம் வீட்டுக் கடன்தான். கீழே சலூனும் மேலே வீடுமாகச் சேர்த்து வாங்கியபோது அப்பாவின் வயதுக்கு அவ்வளவு நீண்ட கடன் தர மாட்டோம் என்று வங்கியில் சொல்ல, அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்த நீ கூடக் கையெழுத்துப் போட்டாய். வட்டி ஏறாமல் இறங்காமல் ஒரே மாதிரி இருக்கும் காலம் அடுத்த வருடம் முடிகிறது. முடிந்ததும் உன் பெயரை எடுத்துவிடுவது, மீதியை நாங்கள் இருவரும் அன்றைக்கு என்ன வட்டியோ அந்த வட்டிக்குக் கட்டுவது, இதுதான் அன்று பேசிய பேச்சு. அந்த நாளுக்காகத்தான் நீங்கள் இருவரும் காத்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும், உன் பெயரில் இந்தக் கடன் இருக்கிறவரை அங்கே உங்களுக்கு வீட்டுக் கடன் கிடைக்காது என்று நீயே சொல்லியிருக்கிறாய். ஆனால் இங்கே வட்டி ஏறுகிற ஏற்றத்தைப் பார்த்தால் அடுத்த வருடம் எங்கே போய் நிற்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. இப்போதே பழைய கடனை முறித்து அபராதத்தைக் கட்டிவிட்டுப் புதுக் கடனுக்கு மாறினால் தவணை கொஞ்சம்தான் கூடும், ஐந்து வருடத்துக்கு அதை யாரும் அசைக்க முடியாது. ஆனால் புதுக் கடனிலும் உன் பெயர் வேண்டுமாம். ஐந்து வருடமும்.

உன் அப்பா இதை வீட்டில் யோசித்திருந்தால் பரவாயில்லை, சலூனில் யோசித்தார். நாற்காலியில் உட்கார்ந்தவரோடு வாதாடக் கூடாது என்பது அவர் தொழில் சட்டம், உனக்குத்தான் தெரியுமே, கழுத்தில் கத்தி இருக்கும்போது ஆளைக் கோபப்படுத்தினால் திரும்புவார், திரும்பினால் ரத்தம் என்பார். அதனால் யார் எதைச் சொன்னாலும் ஆமாம் ஆமாம்தான். பஸ் ஓட்டும் கிருதாக்காரர், வட்டி எல்லாம் இறங்கிடும்ணே, அவசரப்படாதீங்க என்றால் அதற்கும் ஆமாம். ரிட்டயரான கணக்கு வாத்தியார், இப்பவே மாத்தலைன்னா தெருவுல நிப்பீங்க என்றால் அதற்கும் ஆமாம். காலையில் பொறுப்பதாக இருந்தவர் சாப்பிட மேலே வரும்போது மாற்றுவதாக இருப்பார், அடுத்த தலை உட்கார்ந்ததும் மறுபடி பொறுப்பார். இப்படி இருக்கும்போது வங்கியில் கடன் பிரிவில் இருக்கும் வகிடுக்காரர் சவரம் செய்துகொள்ள வந்திருக்கிறார். அவர் கன்னத்தில் நுரையோடு, அப்ப பேப்பரை ஆரம்பிச்சிரட்டுமா என்று கேட்டிருக்கிறார். உன் அப்பாவும் கத்தியை இழுத்துக்கொண்டே, ஆரம்பிச்சிருங்க சார், அதுக்கென்ன என்றிருக்கிறார்.

எனக்கு இது ஒன்றும் தெரியாது. மொட்டை மாடியில் சலூன் துண்டுகளைப் பிழிந்துகொண்டிருக்கிறேன், கையில் டேப்போடு ஒருவர் ஏறி வருகிறார். யாருங்க நீங்க என்றால், வீட்டுக்கு மதிப்புப் போட வந்திருக்கேம்மா என்கிறார். சமையலறைச் சுவரைத் தட்டிப் பார்த்தார், உன் பழைய அறையில் ஈரம் பூத்த மூலையைப் படம் எடுத்தார், குளியலறைக் கதவு மூடவில்லை என்பதையும் குறித்துக்கொண்டார். நான் ஈரத் துண்டைத் தோளில் போட்டபடி முழிக்கிறேன். கீழே ஓடிப்போய் அப்பாவைக் கேட்டால், சும்மா பேச்சுக்குச் சொன்னேன், அவர் நிஜமாவே ஆரம்பிப்பார்னு யாருக்குத் தெரியும் என்கிறார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. முப்பது வருடமாக எல்லாருக்கும் தலையாட்டியவர் கடைசியில் வங்கிக்கும் தலையாட்டிவிட்டார்.

மறுநாள் நானே வங்கிக்குப் போனேன், வேண்டாம் என்று சொல்லிவிட்டு வரத்தான் போனேன். வகிடுக்காரர் மரியாதையாக உட்கார வைத்தார். தாராளமா நிறுத்திக்கலாம்மா, ஆனா இந்த வட்டியை உங்களுக்காக மாசக் கடைசி வரைக்கும்தான் ஒதுக்கி வச்சிருக்கோம், விட்டா அப்புறம் கிடைக்காது என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன். வழியெல்லாம் என்னையே திட்டிக்கொண்டு வந்தேன்.

மாற்றாமல் விட்டால் என்ன ஆகும் என்று நான் கணக்குப் போடாமல் இல்லை. வட்டி ஏறினால் ஜனங்கள் முதலில் முடியைத்தான் வளர விடுகிறார்கள் பாப்பா. மாதம் ஒரு தடவை வந்தவர்கள் இப்போது இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை வருகிறார்கள், சிலர் வீட்டிலேயே மெஷின் வாங்கிவிட்டார்கள். வருமானம் குறைகிற நேரத்தில் தவணை எகிறினால் வீட்டை விற்பதைத் தவிர வேறு வழி இல்லை. வீடு போனால் கடையும் அதோடு போகும், இந்த வயதில் உன் அப்பாவை யார் வேலைக்கு வைத்துக்கொள்வார்கள்? இப்போதே அவர் முன்பைவிடச் சீக்கிரம் கீழே இறங்கிப் போய், ஆளில்லாத கடையில் கூராக இருக்கிற கத்தரிக்கோலையே மறுபடி தீட்டிக்கொண்டிருக்கிறார். பிள்ளைகிட்ட இதைக் கேக்காதே, அவ வாழ்க்கையை அவ பாக்கட்டும் என்று எனக்கு உத்தரவு. அந்த உத்தரவைப் போட்டுவிட்டு வங்கியையும் நிறுத்தச் சொல்லாமல் இருக்கிறார். நீ போனில் கேட்டால், அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா என்பார். நம்பாதே.

நல்ல அம்மாவாக இருந்தால், நீ கையெழுத்துப் போடாதே, எங்கள் பாட்டை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று எழுதியிருக்க வேண்டும். அப்படி எழுதத்தான் உட்கார்ந்தேன், என்னால் முடியவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. கையெழுத்துப் போடு என்றுதான் கேட்கிறேன், அது உங்களிடமிருந்து எதை எடுத்துக்கொள்கிறது என்று தெரிந்தேதான் கேட்கிறேன். மாப்பிள்ளைக்குத் தெரியாமல் மட்டும் போடாதே. அவரிடம் இதைக் காட்டு, இருவரும் உட்கார்ந்து பேசுங்கள், முடியாது என்று முடிவானால் முடியாது என்றே சொல், பார்க்கலாம் என்று இழுக்காதே. கோபம் வந்தால் என்மேல் காட்டு, அப்பாமேல் காட்டாதே. அவர் உன்னிடம் கேட்கவே இல்லை.

மாப்பிள்ளை தன் முடியைத் தானே வெட்டிக்கொள்கிறாரா? நீ அனுப்பிய போட்டோவில் பின்கழுத்தில் படிக்கட்டு தெரிகிறது என்று அப்பா போனைக் கீழே வைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார், கை துறுதுறுத்ததாம். சிக்கனம் வேண்டியதுதான், அதற்காக அந்தப் பிள்ளையை இப்படி ஆக்காதே. வேலையிலிருந்து வந்ததும் நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

வங்கியிலிருந்து உனக்கு மெயில் வரும், குப்பையோடு குப்பையாகப் போய்விடாமல் பார்த்துக்கொள், மாதக் கடைசிக்குள் பதில் வேண்டும், மறந்துவிடாதே. உன் பிறந்தநாளுக்கு எழுதினாலும் கல்யாண நாளுக்கு எழுதினாலும், உங்களுக்குச் சீக்கிரம் சொந்த வீடு அமையட்டும் என்றுதான் முடிப்பேன். இன்றைக்கு அந்த வரியை எழுத எனக்கு வாயும் இல்லை கையும் இல்லை. இருவரும் ஒருவரை ஒருவர் நோகாமல் பார்த்துக்கொண்டு நூறு வருடம் நன்றாக இருங்கள்.

உன் கையெழுத்தை எதிர்பார்த்திருக்கும்
அம்மா