குலவைக்குக் கொடுத்த ஷீல்டு

என் அண்ணன் கைபிடித்துக் கூட்டிவந்த தங்கமே, சண்முகத்தாய் மதினி,

வருகிற காளி கோயில் கொடைத் திருவிழாவோடு நீ போய் ஒரு வருஷம். கோயில் மலரில் போட உன்னைப் பற்றி நாலு வரி கேட்டான் உன் மகன் முத்துராசு. "அம்மாவப் பத்தி நல்லதா எழுதுங்க அத்தை" என்றான். எழுதத்தான் உட்கார்ந்தேன். நல்லது முதலில் வரமாட்டேன் என்கிறது. நான் என்ன செய்ய?

சேதியைச் சொல்லிவிடுகிறேன். மழை இந்த வருஷமும் ஏமாற்றிவிட்டது, உளுந்து பூவோடு கருகிவிட்டது. நீ படுத்திருந்த கட்டிலில் உன் மருமகள் மிளகாய் வத்தல் காயப்போட்டிருக்கிறாள். ஷீல்டு மட்டும் டிவி மேலே, உன் போட்டோவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. போட்டோ மாலை காய்ந்து உதிருகிறது, கேட்பாரில்லை. ஷீல்டைத் தினமும் துடைக்கிறார்கள்.

அந்த ஷீல்டு உனக்கு வந்த கதையை ஊர் மறந்திருக்கும். நான் மறப்பேனா?

கேசட் போடக் குரல் தேடி வெளியூரிலிருந்து ஒரு கம்பெனிக்காரர் நம் கொடைக்கு வந்தார். பெண்கள் பாடட்டும், நன்றாகப் பாடுகிறவளுக்கு ஷீல்டு, அவள் பாட்டு கேசட்டாகவும் வரும் என்றார். நாம் இரண்டு பேரும் பேர் கொடுத்தோம்.

நீ முதலில் ஏறினாய். 'மழை தாடி எங்க காளி, மண்ணு நனைய எங்க காளி' என்று அடிக்கு அடி காளி பேரை வைத்தாய். காளி பேர் காதில் விழுந்த பிறகு நம் ஊரில் எந்தப் பொம்பளை குலவை போடாமல் இருப்பாள்? பாட்டு நன்றாக இருக்கிறதா என்று பார்த்தா போடுகிறோம்? கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தவளும் பாதிக் கொட்டாவியில் போட்டாள். கம்பெனிக்காரருக்கு இது எங்கே தெரியும்? குலவை எல்லாம் உன் பாட்டுக்குக் கைதட்டல் என்று நினைத்து, சத்தம் ஏற ஏறத் தலையை ஆட்டினார். நானும் போட்டேன் மதினி. போடாவிட்டால் சாமி குத்தம். என் வாயாலேயே உனக்கு ஷீல்டு வாங்கிக் கொடுத்தேன்.

பிறகு நான் ஏறினேன்.

'வெள்ளிக் கொலுசொண்ணு வெடிப்புக்குள்ள போயிருச்சே
மழையே வந்திராத, மண்ணு மூடிப் போயிருமே'

என் மூத்த மகள் காலில் கிடந்த கொலுசு அது. நமக்கு நரை விழாத காலம். கரிசல் பிளந்து கிடந்த கோடையில் காய்ந்த பருத்திச் செடி, மார் பிடுங்கப் போனோம். கூட ஓடிவந்தவள் காலிலிருந்து கழன்று வெடிப்புக்குள் விழுந்துவிட்டது. குச்சி விட்டுத் துழாவினோம், எட்டவில்லை. அந்தக் கோடை முடியுமுன்னே அவளும் காய்ச்சலில் போய்விட்டாள். ஊரே மழை கேட்டு நின்றது. நான் மட்டும் வேண்டாம் என்றேன். மழை பெய்தால் வெடிப்பு மூடிக்கொள்ளும், கொலுசு உள்ளேயே போய்விடும். என்னோடு குப்புறப் படுத்துக் குச்சி விட்டவள் நீதானே மதினி?

மழை கேட்டு நடத்துகிற கொடையில் மழையே வராதே என்று பாடினால் யார் குலவை போடுவார்கள்? ஜெனரேட்டர் சத்தம்தான் கேட்டது. முன்னால் இருந்த ஒரு கிழவி முந்தானையால் மூக்கைச் சிந்தினாள். கம்பெனிக்காரர் வாட்ச்சைப் பார்த்தார்.

இறங்கி வந்தேன். நீ எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாய்: "என்ன மதினி, ஒரு குலவையக் காணும்? ஆளெல்லாம் ஒறங்கிட்டாவளோ?"

பக்கத்தில் இருந்தவளுகள் சிரித்தாளுகள். சிரித்தவளுகள் பேர் எல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. மலரில் இடம் காணாது என்று விடுகிறேன்.

ஷீல்டு உனக்கு. கேசட் வந்தது. அட்டையில் ஷீல்டைப் பச்சைப்பிள்ளை மாதிரி ஏந்திக்கொண்டு நின்றாய். கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் நீ, கயத்தாறு டீக்கடையில் நீ. ஷீல்டு வாங்கினவள் என்று கேசட்டை வாங்கினார்கள். இத்தனை பேர் வாங்குகிறார்களே, அப்போது ஷீல்டு கொடுத்தது சரிதான் என்றார்கள். எப்படி இருக்கிறது நியாயம்?

தீப்பெட்டி ஆபீசிலும் நீதான். காலையில் போட்டால் சாயங்காலம் வரை ஓடும். நான் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு லேபிள் ஒட்டுவேன். பக்கத்தில் இருந்த செல்வி ஒருநாள் வாயைக் கிண்டினாள்.

"எல்லாருக்கும் பிடிச்சா அது நல்ல பாட்டுதான சித்தி?"

"ஒம் புருசனுக்குச் சாராயங்கூடத்தான் பிடிக்கி. அது நல்லதாட்டி?"

"அப்ப ஒங்க பாட்டப் பாடுங்க, கேப்போம்."

கேசட்டை நிறுத்தச் சொல்லிப் பாடினேன். ரெண்டாவது அடியில் ஒவ்வொருத்தி கையாக நின்றது. பசை காய்ந்தது. கணக்கப்பிள்ளை உள்ளே இருந்து கத்தினார்: "ஏட்டி, எவ அவ? கை ஓடட்டும்! அந்தக் கேசட்டப் போடுங்க!"

அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. உன் பாட்டுக்குக் கை ஓடும். என் பாட்டுக்குக் கை நிற்கும். ஓடுகிற கைக்கு ஷீல்டு கொடுத்துவிட்டார்கள். நின்ற கைக்கு என்ன கொடுப்பார்கள்?

போன வருஷம் நீ படுத்த படுக்கையாகக் கிடந்தாய். முத்துராசு பாசத்தில் உன் கேசட்டை உன் தலைமாட்டிலேயே ஓடவிட்டிருந்தான். நான் கஞ்சி கொண்டுவந்தேன்.

"அத அமத்து மதினி, காது வலிக்கி. நீ அந்தக் கொலுசுப் பாட்டப் பாடு" என்றாய்.

"பாடுனா நீ ஒறங்கிருவியே மதினி" என்றேன்.

நீ சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாய். அந்த வாரமே போய்விட்டாய். அதற்காக நான் அழுவேன் என்று பார்த்துக்கொண்டிருக்காதே. சாகும்போது கேட்கத் தெரிந்த காது, மேடைக்குக் கீழே இருந்தபோது எங்கே போயிருந்தது?

இப்போது கேள். இந்தக் கொடையில் உன் பேரில் ஷீல்டு கொடுக்கப்போகிறான் உன் மகன். பாட்டைக் கேட்டு ஆளைச் சொல்ல என்னை உட்காரச் சொன்னான்.

"கேபிள் டிவியில காட்டுவாவ அத்தை. யாருக்குக் குலவை கூடுதலோ, அவளுக்குக் குடுத்திருவோம்."

"உட்காருதேன். ஆனா பாட்டுல காளி பேரு வரக்கூடாது. வந்தா அந்தப் பாட்டு சேத்தியில்ல."

அவன் வாயைப் பிளந்துவிட்டான். "அப்படிப் பாத்தா எங்க அம்மைக்கே ஷீல்டு கெடைச்சிருக்காதே அத்தை!"

"கெடைச்சிருக்காதுதான் மருமகனே" என்றேன்.

கமிட்டி முணுமுணுத்துக்கொண்டே ஒத்துக்கொண்டது. உன் பேர் பொறித்த ஷீல்டு மதினி, நீயே எழுந்து வந்து பாடினாலும் உனக்குக் கிடையாது. ஆனால் பாட வருகிற இவளுகள் லேசுப்பட்டவளுகளா? காளியை விட்டால் சினிமா மெட்டைப் போட்டு விசில் வாங்குவாளுகள். அதை அடைத்தால் இன்னொன்று வரும். நல்ல பாட்டு எது என்று சத்தத்தை வைத்துச் சொல்ல முடியாது, சரி. சத்தம் இல்லாததை வைத்து மட்டும் சொல்லிவிட முடியுமா? நிஜமாகவே சிலர் உறங்கியிருந்தால்?

அதனால் உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். ஷீல்டைக் கொடுத்து முடித்ததும் மைக்கை நான் வாங்குவேன். கொலுசுப் பாட்டை முதலடியிலிருந்து கடைசி அடி வரை பாடுவேன். நீ கேட்டாய் என்பதற்காக இல்லை. எவளாவது குலவை போட்டால் அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டு முதலிலிருந்து தொடங்குவேன். எங்கே கிடந்தாலும் காதைக் கொடு.

இந்தத் தடவை உறங்கிவிடாதே மதினி.

உன் புருஷனோடு பிறந்தவள்,
உனக்கும் ஒரு குலவை போட்ட நாத்தனார்,
மாடத்தி