மாமியாரோடு பார்க்கிற பொம்மைப் படம்

என் தங்கக்கட்டிக்கு,

ஆபீஸ் விட்டதும் எனக்குப் போன் பண்ணிட்டிருந்தவ, இப்ப மாமியாரோட உக்காந்து ஜப்பான் பொம்மைப் படம் பாக்கிறியாமே, உங்கப்பா சொன்னாரு. ரொம்ப சந்தோஷம். கழுதை வயசுல பொம்மைப் படமான்னு உங்க மாமாகிட்ட சொல்லிச் சிரிச்சேன்.

குத்தம் கண்டுபிடிக்கத்தான் நானும் ஒண்ணு போட்டேன். செத்துப்போன பொண்டாட்டியோட மூக்குக்கண்ணாடியை ஒரு கிழவன் தினமும் துடைச்சு வைக்கிறான். வெறும் கோடும் கலரும்தான், ஆனா படம் முடியிற வரைக்கும் சாமி கும்பிடக்கூட எந்திரிக்கல. சின்னப் புள்ளைங்களுக்கு இதெல்லாம் எங்க புரியும்? பெரியவங்க பாக்க வேண்டியதுதான், ஒத்துக்கிறேன்.

ஆனா நீ அழுதப்ப உன் மாமியார் கண்ணைத் துடைச்சுவிட்டாங்களாமே! அம்மா இல்லாத உன்னை வளத்தவ நான், அது என் வேலைடி.

அடுத்த படத்தை ஆரம்பிக்காத. ஞாயித்துக்கிழமை வரேன். உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான்தான் உக்காருவேன்.

உன் அத்தை