எட்டு நாள் மறைத்து வைத்தேன், செல்வி

என் செல்விக்கு,

நீ இருந்த வரைக்கும் உனக்கு நான் ஒரு கடிதம்கூட எழுதியதில்லை. ஒரே வீட்டில் இருப்பவளுக்கு எதற்குக் கடிதம்? சொல்ல வேண்டியதைச் சாப்பிடும்போது சொல்லிவிடுவேன். சொல்லாமல் விட்டதை நீயே என் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவாய். இப்போது என் முகத்தைப் பார்த்துக் கேட்க ஆளில்லை. அந்தத் தைரியத்தில் போன மே மாதம் ஒரு காரியம் செய்துவிட்டேன். அதை உன்னிடம் சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை.

நல்ல செய்தியை முதலில் சொல்கிறேன். நம் ஹரிணி இப்போது ஒன்பதாம் வகுப்பு. நீ சத்துணவு சமைத்த பள்ளிக்கூடத்தில் இல்லை. அரசுப் பள்ளிகளில் நன்றாகப் படிக்கிற பிள்ளைகளுக்குத் தேர்வு வைத்து, தேறியவர்களை ஒரே இடத்தில் விடுதியில் தங்கவைத்துப் படிக்க வைக்கிறார்களே, அந்த மாதிரிப் பள்ளியில் இருக்கிறாள். நம் ஊரிலிருந்து போக ஒரு பஸ் மாறவேண்டும். நம் பள்ளிக்கூடத்திலிருந்து இந்த முறை ஒரே ஒரு பிள்ளைக்குத்தான் இடம் வந்தது.

அந்த இடத்தை நான் கிட்டத்தட்ட இல்லாமல் ஆக்கியிருப்பேன்.

கோடை விடுமுறையில் ஒரு வியாழக்கிழமை தலைமையாசிரியை அம்மா எனக்குப் போன் செய்தார். நான் பட்டறையில் இரும்பு கடைகிற லேத்தில் நின்றுகொண்டிருந்தேன். "ஹரிணி பேரு வந்திருக்குதுங்க. சம்மதப் படிவத்துல நீங்க கையெழுத்துப் போட்டு அடுத்த வெள்ளிக்கெழம மத்தியானத்துக்குள்ள குடுத்துருங்க. பாப்பாகிட்ட நானே சொல்லட்டுங்களா?" என்று கேட்டார்.

"வேண்டாமுங்க, நானே சொல்லிக்கறனுங்க" என்றேன்.

சாயங்காலம் பள்ளிக்குப் போய்ப் படிவத்தை வாங்கினேன். திரும்பப் பட்டறைக்கு வந்தேன். என் பெட்டியில், அளவெடுக்கிற வெர்னியருக்கு அடியில் அதை வைத்துப் பூட்டினேன். ஏன் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை என்று அப்போது என்னையே நான் கேட்டுக்கொள்ளவில்லை. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் ஹரிணி தட்டு வைத்துக்கொண்டே, "ரிசல்ட் ஏதாச்சும் வந்துச்சுங்களாப்பா?" என்றாள். "இன்னும் வரலீங்க அம்மணி" என்றேன். அது முதல் பொய். அடுத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்று. செவ்வாய்க்கிழமை அவள் கேட்கவே இல்லை, ஆனாலும் நானாகவே, "இந்த வருசம் லேட்டாகுமாட்ட இருக்குது" என்று சொன்னேன். கேட்காததற்குப் பதில் சொல்கிறவன் பொய் சொல்கிறான் என்று நீயாக இருந்தால் அந்த நிமிஷமே பிடித்திருப்பாய்.

உனக்குக் காய்ச்சல் வந்து ஒரே வாரத்தில் எல்லாம் முடிந்த பிறகு, இந்த வீட்டில் பேசுகிற குரல் அவளுடையது ஒன்றுதான், செல்வி. காலையில் அவள் ரேடியோவோடு சேர்ந்து முணுமுணுப்பாள். பாடம் படிக்கும்போது தனக்குத் தானே கேள்வி கேட்டுத் தானே திட்டிக்கொள்வாள். அது இல்லாத வீட்டை நினைத்தேன். ஒரு நாள்கூட என்னால் தாங்க முடியாது என்று தோன்றியது. அவள் சின்னப் பிள்ளை, விடுதிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது, பெண்பிள்ளை என்றெல்லாம் எனக்குள் காரணங்களை அடுக்கினேன். அதில் ஒன்றுகூட உண்மையான காரணம் இல்லை.

நமக்குக் கல்யாணமான புதிதில் நீ ஒருமுறை சொன்னாய். பத்தாம் வகுப்பில் பள்ளியிலேயே முதல் மார்க் வாங்கினாயாம். பாலிடெக்னிக்கில் இடம் கிடைத்தும், விடுதியில் தங்க வேண்டும் என்பதால் உன் அப்பா அனுப்பவில்லை. "எங்கப்பா கெட்டவரு இல்லீங்க. என்னைய உட்டுப்போட்டு இருக்க முடியல அவருக்கு. அவ்வளவுதானுங்க" என்று சொல்லிவிட்டு, துணி மடிக்கப் போய்விட்டாய். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை நீ எடுக்கவே இல்லை. அந்த எட்டு நாளும் பட்டறையில் இரும்பு கடைகிற சத்தத்துக்கு நடுவே எனக்கு இந்த வார்த்தைதான் கேட்டுக்கொண்டிருந்தது. கேட்டும் பெட்டியைத் திறக்கவில்லை. என்ன மனுஷன் நான்?

எட்டாவது நாள், வியாழக்கிழமை சாயங்காலம், மரகதம் நம் வீட்டுக்கு வந்தது. ஹரிணியோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்த சங்கவியின் அம்மா. வாழைத்தோட்டத்து வேலை முடிந்து அப்படியே வந்திருந்தது. நீ இருந்தபோது அடுப்படி வரைக்கும் வந்து பேசுகிற ஆள், அன்றைக்கு வாசல் கேட்டைத் தாண்டவில்லை. "உள்ள வாங்க" என்றேன். "இருக்கட்டுங்ணா" என்றது.

"ஏனுங்ணா, ஒண்ணு கேட்டா தப்பா நெனச்சுக்காதீங்க. பாப்பாவ அந்தப் பள்ளிக்கொடத்துக்கு அனுப்பறீங்களா, இல்லீங்களா?"

நான் கேட்டின் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டேன்.

"பரிச்சையில உங்க பாப்பாவுக்கு அடுத்த பேரு என்ற புள்ளைதானுங்க. டீச்சரம்மா இன்னைக்குத்தான் சொன்னாங்க. நாளைக்கு மத்தியானத்துக்குள்ள நீங்க கையெழுத்துப் போடலீன்னா சங்கவிக்கு வருமாமுங்க. நீங்க அனுப்புனா ரொம்ப சந்தோசமுங்ணா, சத்தியமாச் சொல்றேன். இல்லீன்னா இல்லீன்னு ஒரு வார்த்த சொல்லீருங்க. என்ற புள்ள மத்தியானத்துல இருந்து சோறு திங்காம உக்காந்திருக்குது."

செல்வி, இதை எழுதும்போது கை கூசுகிறது. அந்த நேரத்தில் எனக்குள் ஒரு நிம்மதி வந்தது. "நாங்க அனுப்பலீங்க, சங்கவியே போகட்டும்" என்று சொல்லிவிட்டால் போதும். ஊரே என்னைப் பெரிய மனசுக்காரன் என்று சொல்லும். என் பயத்தைத் தானம் மாதிரி கொடுத்துவிடலாம். மகளும் என்னோடு இருப்பாள். வாயைத் திறந்துவிட்டேன். "நாங்க வந்துங்க..." என்றுகூட ஆரம்பித்துவிட்டேன்.

"என்ன கையெழுத்துங்கப்பா?"

ஹரிணி எனக்குப் பின்னால் நின்றாள். கொடியிலிருந்து எடுத்த துணிகள் கை நிறைய இருந்தன.

மரகதம் அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தது. அதற்குப் புரிந்துவிட்டது. "ஐயோ, புள்ளைக்கே தெரியாதுங்களா?" என்று மெல்லக் கேட்டது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். "நாளைக்குக் காலைல சொல்றோமுங்க அத்தை" என்று ஹரிணிதான் பதில் சொன்னாள். மரகதம் போய்விட்டது.

ஹரிணி துணியைக் கட்டிலில் போட்டாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. எப்போது வந்தது, படிவம் எங்கே, யார் யாருக்குத் தெரியும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். எல்லாவற்றுக்கும் உண்மையைச் சொன்னேன். பிறகு சொன்னாள்:

"எனக்குப் போகோணுமா வேண்டாமான்னே தெரியலீங்கப்பா. உங்கள உட்டுட்டுப் போறதுக்கு எனக்கும் பயமாத்தான் இருக்குது. ஆனா அத யோசிக்கறதுக்கு எனக்கு எட்டு நாள் இருந்துச்சு. அந்த எட்டு நாளையும் நீங்க எடுத்துக்கிட்டீங்க."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மறுநாள் காலையில் அவளை வண்டியில் உட்கார வைத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். பெட்டியைத் திறந்து படிவத்தைக் கொடுத்தேன். மூலையில் எண்ணெய்க் கறை பட்டிருந்தது. லேத் பக்கத்திலேயே நின்று முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படித்தாள். "சங்கவி வீட்டுக்குப் போலாமுங்கப்பா. அவகிட்ட நான்தான் சொல்லோணும்" என்றாள்.

"என்னன்னு சொல்லப்போற கண்ணு?"

"போறேன்னு."

அங்கே சங்கவி வெளியே வரவில்லை. தலைவலி என்று மரகதம் சொன்னது. ஹரிணி வீட்டுக் கதவைப் பார்த்துக்கொண்டே வெயிலில் நின்றாள். உள்ளே பாத்திரம் நகர்கிற சத்தம் கேட்டது. கூப்பிடுவதற்கு வாயெடுத்தவள் கூப்பிடவில்லை. கடைசியில் மரகதம்தான் என்னிடம், "போய்க் கையெழுத்தப் போடுங்ணா. மணி ஆகுதுங்க" என்றது. எப்படி அந்த வார்த்தை அதற்கு வந்தது? அதன் இடத்தில் நான் இருந்திருந்தால் வந்திருக்குமா?

பதினொன்றரைக்குப் பள்ளியில் கையெழுத்துப் போட்டேன்.

ஜூன் மாதம் ஹரிணியை விடுதியில் விட்டுவிட்டு வந்தேன். முதல் மாதம் நான் எப்படி இருந்தேன் என்பதை இங்கே எழுதவில்லை. உனக்கே தெரியும். அவள் பாடுதான் பெரிய பாடாக இருந்திருக்கிறது. காலாண்டுத் தேர்வு முடிந்து போன் செய்தாள். "கணக்குல நாப்பத்தி ரெண்டுங்கப்பா" என்றாள். நம் ஹரிணி, கணக்கில். "இங்க எல்லாருமே அவங்கவங்க பள்ளிக்கொடத்துல ஃபர்ஸ்ட் வந்தவங்கப்பா. நான் கையத் தூக்கறதுக்குள்ள நாலு பேரு பதில் சொல்லீர்றாங்க. இப்பெல்லாம் நான் கையே தூக்கறதில்ல." சொல்லும்போதே அழுதுவிட்டாள். பிறகு, "வந்து கூட்டீட்டுப் போயிருவீங்களா?" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டேன். அவள் துணிமணிகளை எடுத்துவரக் காலிப் பை ஒன்றும் எடுத்துக்கொண்டேன். அவள் அழுததற்காகத்தான் போகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் பஸ்ஸில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது, செல்வி. அது எனக்கே பயமாக இருந்தது.

விடுதிக்கு முன்னால் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தோம். இளைத்திருந்தாள். பையைத்தான் முதலில் பார்த்தாள்.

"இதுல என்னங்கப்பா?"

"ஒண்ணுமில்ல கண்ணு."

"ஒண்ணுமில்லாத பையவா அவ்வளவு தூரம் கொண்டாந்தீங்க?"

பையை மடித்து மடியில் வைத்துக்கொண்டேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "நான் கேட்டா நீங்க உடனே கூட்டீட்டுப் போயிருவீங்கன்னு தெரியும். கேட்டதுக்கப்பறம்தான் அது ஞாபகம் வந்துச்சு. வேற அப்பாவா இருந்தா, கொஞ்ச நாள் இரு பாப்பான்னு சொல்லுவாங்க. நீங்க சொல்லமாட்டீங்க. அதனால நானே எனக்குச் சொல்லிக்கோணும்."

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அரையாண்டு வரைக்கும் பாக்கறனுங்கப்பா. அப்பறம் இருக்கறதா, வர்றதான்னு நானே சொல்றேன். அது வரைக்கும் போன் பண்றப்பெல்லாம் வர்றியா வர்றியான்னு கேக்காதீங்க."

சரி என்றேன். காலிப் பையோடு திரும்பி வந்தேன்.

இன்னொரு செய்தியும் இருக்கிறது. அடுத்த முறை போனபோது ஹரிணி அங்கே கொடுக்கிற கணக்கு வினாத்தாள்களை நகல் எடுத்து வைத்திருந்தாள். "சங்கவிகிட்டக் குடுங்க. வாங்கலீன்னா திருப்பிக் கொண்டாந்துருங்க" என்றாள். பதினொன்றாம் வகுப்புக்கு மறுபடியும் பிள்ளைகளைத் தேர்ந்தெடுப்பார்கள் என்று தலைமையாசிரியை அம்மா சொல்லியிருந்ததை ஹரிணியிடம் நான்தான் சொன்னேன். சங்கவி தாள்களை வாங்கிக்கொண்டாள். ஹரிணி எப்படி இருக்கிறாள் என்று கேட்கவில்லை. ஒரு வாரம் கழித்து, பஸ் நிறுத்தத்தில் என்னைப் பார்த்து அவளாகவே வந்தாள்.

"மாமா, பதினேழாவது கணக்குல கேள்வியே தப்புங்க. அவகிட்டச் சொல்லீருங்க."

அவ்வளவுதான். மே மாதத்துக்குப் பிறகு அந்தப் பிள்ளை ஹரிணிக்குச் சொல்லி அனுப்பிய முதல் வார்த்தை அது. போனில் சொன்னேன். ஹரிணி சரிபார்த்துவிட்டு, "ஆமாங்கப்பா, தப்புத்தான். இங்க ஒருத்தரும் கண்டுபுடிக்கல" என்றாள். அவள் சிரித்ததைப் பல மாதம் கழித்து அன்றைக்குத்தான் கேட்டேன். ஆனால் எனக்குச் சிரிப்பு வரவில்லை. அங்கே உட்கார வேண்டிய பிள்ளைதானே சங்கவியும்? ஒரு இடத்துக்கு இரண்டு பிள்ளைகளை நிறுத்தியது யார் குற்றம் என்று நான் யாரிடம் போய்க் கேட்பேன்?

அரையாண்டுத் தேர்வுக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது. அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று எனக்குத் தெரியாது. தினமும் போனை எடுக்கும்போது அந்தக் கேள்வி நாக்கு நுனியில் வந்து நிற்கிறது. விழுங்கிவிட்டு, சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்கிறேன்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். இருக்கிறேன் என்று அவள் சொன்னால் என் குரலில் வருத்தம் தெரியாமல் சரி என்பேன். வருகிறேன் என்றால் என் குரலில் சந்தோஷம் தெரியாமல் சரி என்பேன். இரண்டாவதுதான் எனக்குக் கஷ்டம். அதைத்தான் இப்போது பழகிக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்,
ஹரிணியின் அப்பா