கிராணி வீட்டு நாற்காலி

1978 அக்டோபர் 1, ஞாயிறு

காலை முழுக்கத் தூறல். மத்தியானம் விட்டது. திரிங்காப் காய்கறித் தோட்டக்காரர்களோடு கால்பந்து ஆட்டம். 2–1, நமக்கு. தோட்டங்களுக்கான கோப்பையில் இதுவரை தோல்வி இல்லை. என்னைத் தாண்டிப் போன அந்த ஒரு பந்தை யாராக இருந்தாலும் பிடித்திருப்பார்கள். நான் பிடிக்கவில்லை.

கேப்டன் முனியாண்டி ஓடி வந்தான். "பரவால்லங்க ஐயா, பந்து நனஞ்சிருந்துச்சி." பந்து நனைந்தால் எல்லாருக்கும்தான் நனையும். பாஸ் தவறவிட்டதற்குச் செல்லையாவை அவன் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. டீமில் பத்துப் பேர் டேய், ஒருவன் மட்டும் ஐயா. ஆபீஸில் கணக்கு எழுதுகிற கிராணி கோல் பிடிக்க வந்தால் இப்படித்தான். பழைய கோல் கீப்பர் சிங்கப்பூருக்குப் போனதும் தோட்டத்துத் துரை என்னைப் போட்டுவிட்டார். தெலுக் ஆன்சனில் படிக்கும்போது பிடித்தவன் என்று நானே வாயைக் கொடுத்தேன்.

வழக்கம்போல லாரி என்னை என் வீட்டுக்குப் போகிற முச்சந்தியில் இறக்கிவிட்டு, பாட்டோடு தொழிலாளர் லயத்துக்கு இறங்கிப் போனது.

குளித்துவிட்டு செல்லையா வீட்டுக்கு நடந்தேன். ஜெயித்த ஞாயிறு, ஒருத்தர் வீட்டில் எல்லாருக்கும் சாப்பாடு. வீடு முறை வைத்து மாறும். யாரும் யாரையும் அழைப்பதில்லை. முறை வந்த வீட்டுக்குப் போய் உட்கார வேண்டியதுதான். எல்லாரும் தரையில். எனக்கு மட்டும் எங்கிருந்தோ இரவல் வாங்கிய நாற்காலி. நான் சாப்பிட்டு முடிக்கும்வரை ஒருவரும் பேசவில்லை. வாசலைத் தாண்டினேன், உள்ளே சிரிப்பு கிளம்பியது.

கிளம்பும்போது செல்லையா: "அடுத்த தடவ ஐயா வீட்டு முறைதான்லா." முனியாண்டி அவன் தலையில் ஒரு தட்டுத் தட்டினான். விளையாட்டா, நிஜமா? நிஜம் என்று வைத்துக்கொள்கிறேன்.

அக். 4, புதன்

தலைவலி. பஸ்ஸில் தானா ராத்தா டவுனுக்கு. வாங்கியவை: பீங்கான் தட்டு, கிளாஸ், பெரிய பாய் இரண்டு, வெங்காயம். மாமாக் சாப்பாட்டுக் கடையில் ஞாயிற்றுக்குக் கோழிக் குழம்பு சொல்லி வைத்தேன். எவ்வளவு என்று சொன்னதும் அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "என்னா தம்பி, கல்யாணமா?"

என் வீட்டில் நாற்காலி ஒன்றே ஒன்று. அதைப் படுக்கை அறையில் போட்டுவிடப் போகிறேன். எல்லாரும் பாயில். நானும்.

அக். 8, ஞாயிறு

1–0. நல்லாவே பிடித்தேன்.

ஐந்தரைக்குள் குழம்பைச் சூடு பண்ணிப் பாயை விரித்தாயிற்று. வெளியே பனி அடைத்துக்கொண்டது. குளிர் தாங்காமல் கதவைச் சாத்தினேன். கீழே படிக்கட்டுப் பக்கம் பேச்சுக்குரல் கேட்டது. லயத்துக்குப் போகிறவர்கள் என்று நினைத்தேன். எட்டிப் பார்த்தால், காத்துக்கொண்டிருக்கிறான் பார் என்று ஆகிவிடும். பார்க்கவில்லை.

யாரும் வரவில்லை.

அக். 9, திங்கள்

கோழி. காலைப் பெரட்டில் ஆள் கணக்குக்குப் பேர் வாசிக்கும்போது முனியாண்டி "இருக்கேங்க ஐயா" என்றான். என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை.

அக். 10

அதே கோழி.

அக். 11, புதன்

வெயில், அதிசயம். லாரி டிரைவர் பாவா டீசல் கணக்குக்கு வந்தார். வயசானவர், மனசில் வைத்துக்கொள்ளத் தெரியாதவர்.

"என்னா ஐயா, அன்னைக்கு நீங்க கூப்புடவே இல்லியே. பசங்க எல்லாம் குளிச்சு, தல சீவி, உங்க படிக்கிட்ட எம்புட்டு நேரம் நின்னானுங்க. கதவு சாத்தியே கெடந்துச்சி."

"முறைன்னா யாரும் கூப்பிட மாட்டாங்களே பாவா."

"அது லயத்துலலா. கிராணி வீட்டுல கூப்புடாம ஏற முடியுமா? அவனுங்க அப்பன் காலத்துலேர்ந்து யார் ஏறியிருக்கா?"

டீசல் கணக்கைத் தப்பாகக் கூட்டி, அழித்து எழுதினேன். குரல் கேட்டது எனக்கு. கதவைத் திறந்திருந்தால் போதும். அதுகூடச் செய்யவில்லை. ஒரு மனிதன் இவ்வளவு மடையனாக இருக்க முடியுமா.

அக். 15, ஞாயிறு

அரையிறுதி. பெனால்டியில் ஜெயித்தோம். ஒன்று பிடித்தேன். எல்லாரும் ஓடி வந்து, கடைசிப் பெனால்டியைப் போட்ட செல்லையாவைக் கட்டிப் பிடித்தார்கள். எனக்குக் கைகுலுக்கல்.

சாப்பாடு முனியாண்டி வீட்டில். மறுபடியும் நாற்காலி. அவன் மனைவி மீன் தலையை என் தட்டில் வைத்தாள். அன்றைக்கு நடந்ததைச் சொல்லிவிட வாயெடுத்தேன். "இன்னும் சோறு வேணுமாங்க ஐயா?" என்றாள். வேண்டாம் என்றேன். அதோடு சரி.

அக். 19, வியாழன்

பயிற்சி இல்லை, மழை. சட்டைப் பித்தான் தைத்தேன். அம்மாவுக்குத் தீபாவளிக்கு வர முடியாது என்று எழுத வேண்டும். லயத்தில் யார் வீட்டிலோ ரேடியோ. இங்கிருந்து பாட்டு புரியவில்லை, தாளம் மட்டும் கேட்கிறது. யாராவது வந்து சண்டை போட்டால்கூடப் பரவாயில்லை.

அக். 23, திங்கள்

நேற்று எழுத முடியவில்லை.

இறுதி ஆட்டம், தானா ராத்தா திடல். எதிரணி பிரிஞ்சாங் பக்கத்துத் தோட்டம். செல்லையா முதல் பாதியிலேயே ஒன்று போட்டுவிட்டான். பிறகு பனி இறங்கியது. நடுக்கோடு தெரியவில்லை. பந்து வருகிற சத்தம் கேட்டு, பிடித்துவிடலாம் என்று வெளியே ஓடினேன். பந்து வேறு பக்கம். திரும்பிப் பார்த்தால் வலைக்குள் கிடக்கிறது. 1–1.

"எங்கடா போற? கோல விட்டுட்டு எங்கடா போற, மடையா?"

முனியாண்டிதான். சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்று தெரிந்தது அவனுக்கு. வாயைப் பொத்திக்கொண்டான். டீமே அப்படியே நின்றது. இந்த மலைக்கு வந்ததிலிருந்து என்னை யாரும் டா போட்டதில்லை.

"ஓடுங்கடா" என்று நானும் கத்தினேன்.

கடைசியில் செல்லையாவே இன்னொன்று போட்டான். பனியில் நான் பார்க்கவில்லை, சத்தம்தான். 2–1. கோப்பை நமக்கு.

லாரியில் பாட்டு இல்லை. கோப்பை செல்லையா மடியில். முனியாண்டி தலை குனிந்தபடி. முச்சந்தியில் லாரி நின்றது. இறங்கினேன். பாவா கியரைப் போட்டார்.

அன்றைக்குச் சாத்திய கதவைப் பற்றித்தான் நினைத்தேன். திரும்பி நின்று, முழுத் தோட்டத்துக்கும் கேட்கிறமாதிரிச் சொன்னேன்: "எல்லாரும் வீட்டுக்கு வாங்க. இன்னிக்கி என் வீட்டு முறை."

முனியாண்டி மெதுவாகத் தலையைத் தூக்கினான். "என்னாங்க ஐயா இருக்கு, சாப்புட?"

"சார்டின். ரொட்டி."

அவன் மற்றவர்களைப் பார்த்தான். "போதும்லா. எறங்குங்கடா."

பாவா இன்ஜினை அணைத்தார்.

இன்று பாய் இரண்டும் சேறு. துவைக்கவில்லை. நேற்று நாற்காலியை ஒளித்து வைக்க நேரமில்லை. செல்லையா அதைக் கூடத்துக்கு இழுத்து வந்து கோப்பையை அதில் உட்கார வைத்தான். நான் தரையில், முனியாண்டி பக்கத்தில்.