ஸ்கூட்டரில் வந்த ஆம்ப்

நேற்றுக் காலை உன் அண்ணன் வாசலில் வந்து நின்றார். ரிட்டயர் ஆகிவிட்டதால் குவார்ட்டர்ஸைக் காலி செய்கிறார்கள். கையில் துவாலை சுற்றிய ஒரு சின்னப் பெட்டி. "சாமான் ஏத்திக்கினு இருக்கோம்மா. இத லாரியில போட மனசு வரல. உங்க வூட்ல இருக்கட்டுங்க" என்றார். துவாலையைப் பிரித்ததும் நீலகிரித் தைல வாசனை வந்தது. வாசித்து முடித்ததும் விரல் மூட்டுகளில் தேய்த்துக்கொள்வாயே, அதே தைலம். பெட்டியின் கைப்பிடியில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

சித்திரையில் காய்ச்சல் என்று படுத்தாய். அந்த மாதம் முடிவதற்குள் போய்விட்டாய். அதன்பிறகு உன்னைப் பற்றி மற்றவர்களிடம்தான் பேசியிருக்கிறேன். உன்னோடு பேசவேண்டும் என்று தோன்றியது நேற்றுதான்.

நம் குழுவில் நாலே பேர். நான் பாட்டு, நீ பேஸ் கிதார், ஸ்டீபன் அண்ணன் கீபோர்டு, அவர் மச்சான் டிரம்ஸ். ஞானஸ்நான விருந்து, நிச்சயதார்த்தம், குவார்ட்டர்ஸ் பிளாக் கிளப் விழா என்று சின்னச் சின்ன நிகழ்ச்சிகள். பகலில் வடலூர் லேபில் ஊசி குத்தி ரத்தம் எடுக்கிற கை, சாயங்காலம் அந்தத் தடித்த கம்பிகள்மேல் நடக்கும். "பொம்பளையா பேஸ் வாசிக்குது?" என்று முதல் வரிசையில் யாராவது கேட்பார்கள். இரண்டாவது பாட்டில் அந்தக் கேள்வியையே மறந்துவிடுவார்கள்.

அப்போது கிதார் சத்தத்தைப் பெருக்க உன்னிடம் இருந்தது பழைய பெரிய ஆம்ப். செகண்ட் ஹேண்டில் வாங்கியது. கனத்த பிளைவுட் பெட்டி, அதற்குள் தாம்பாளம் அகலத்துக்கு ஸ்பீக்கர். தூக்க இரண்டு ஆள் வேண்டும். ஆனால் நீ ஒரு கம்பியைத் தொட்டால் சத்தம் தரை வழியாக வந்து என் உள்ளங்காலில் ஏறும். அந்தச் சத்தத்தின்மேல் நின்றுதான் நான் பாடினேன். உன் வீட்டில் இடமில்லை என்பதால் அது ஸ்டீபன் அண்ணன் ஷெட்டில் கிடந்தது. அவருடைய வேனில் ஏற்றினால்தான் அதற்குப் பயணம். உனக்கும் அப்படித்தான் ஆகிப்போனது.

வடலூர் நிச்சயதார்த்தம் நினைவிருக்கிறதா? அன்று மத்தியானம் ஸ்டீபன் அண்ணன் உனக்குப் போன் செய்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். "மாடி ஹால்மா. அந்தப் பெட்டிய ஏத்த ஆள் இல்ல. பேஸ நானே கீபோர்டுல இடது கையில போட்டுக்கறேன். நீ ரெஸ்ட் எடு" என்றார். கெட்ட மனுஷர் இல்லை. அவருக்கு அது ஒரு சாமான் பிரச்சினை, அவ்வளவுதான். எனக்குத்தான் கோபம் வந்தது. நீயோ "சரிங்கண்ணா" என்று வைத்துவிட்டாய்.

அன்று சாயங்காலம் பாடிக்கொண்டே பார்க்கிறேன், கடைசி வரிசையில் நீ! பச்சைப் புடவை கட்டிக்கொண்டு, விருந்தாளிபோல். பஸ் பிடித்து வந்திருந்தாய். முடிந்ததும் ஓடி வந்து, "எதுக்குடி வந்த? மனசு கஷ்டப்படவா?" என்றேன்.

"ஹால கேக்க வந்தேன்" என்றாய். "சின்ன ஹால்டி. அந்தப் பெரிய பெட்டிய கொணாந்திருந்தா பாதி சத்தத்துக்கு மேல தொறந்திருக்கவே மாட்டேன். மீதிப் பாதிய எதுக்குச் செமந்துக்கினு திரியறோம்?"

நானாயிருந்தால் அழுதிருப்பேன். நீ அளந்துகொண்டிருந்தாய்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் என்னை இழுத்துக்கொண்டு பாண்டிச்சேரிக்கு பஸ் ஏறினாய். கடையில் இரண்டு ஆம்ப் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. ஒன்று உன்னுடையதைப் போலவே கனமானது. இன்னொன்று மளிகைப் பை அளவு. "நெஞ்சுல இடிக்கணும்னா பெருசுதாங்க" என்றார் கடைக்காரர். நீ வாதாடவில்லை. "பாடுடி, மெதுவா" என்று சொல்லி, ஒரே பாட்டை இரண்டிலும் வாசித்தாய். சின்னதில் ஒவ்வொரு சுரமும் தெளிவாகக் கேட்டது, ஆனால் காலுக்கடியில் ஏதோ குறைந்தது.

"பெருசுதான் நல்லா இருக்கு" என்றேன், தயங்கித் தயங்கி.

"ஆமா. அதுதான் நல்லா இருக்கு" என்று உடனே ஒப்புக்கொண்டாய்.

பிறகு பெரியதைப் பிடித்துத் தூக்கினாய். வாசற்படி வரைக்கும்கூடப் போகவில்லை, மூச்சு வாங்கக் கீழே வைத்தாய். சின்னதை ஒரு கையில் எடுத்தாய். முதுகில் கிதார், கையில் பெட்டி, படியிறங்கித் தெருமுனை வரை நடந்து திரும்பி வந்தாய். கடைக்காரர் பயந்தே போய்விட்டார். "இத எடுத்துக்கினு நான் போவேன். அத எடுத்துக்கினு போறதுக்கு யாராவது வரணும்" என்றாய். அதைத்தான் வாங்கினாய்.

குறைந்த அந்தக் கொஞ்சத்தை எப்படிச் சரிக்கட்டினாய் என்று நினைத்தால் இப்போதும் வியப்பாக இருக்கிறது. பேஸ் குமிழைத் திருகிக் கூட்டினால் பெட்டி திணறியது. அதனால் அதைக் குறைத்து, நடுச்சத்தத்தைக் கொஞ்சம் ஏற்றினாய். நாற்காலிமேல் வைப்பதை விட்டு, தரையில், சுவர் மூலையோடு ஒட்டி வைத்துப் பார்த்தாய். சுவரே சத்தத்தைத் தடிமனாக்கிக் கொடுத்தது. விரலையும் மாற்றினாய். கம்பியின் ஓரத்தில் சுண்டிக்கொண்டிருந்தவள், கிதாரின் கழுத்துப் பக்கம் நகர்ந்து மெத்தென்று தொடப் பழகினாய். வேலை முடிந்து வந்து தினமும் அதே நாலு சுரம். உன் அண்ணி என்னிடம் புலம்பினாள்.

திருவதிகையில் ஒரு ரிசப்ஷன். வேன் போய்ச் சேர்ந்தபோது உன் ஸ்கூட்டர் ஏற்கெனவே மண்டப வாசலில் நின்றது. கால் வைக்கும் இடத்தில் கட்டிக்கொண்டு வந்த பெட்டியை மூலையில் வைத்துவிட்டு, நீ காபி குடித்துக்கொண்டிருந்தாய். ஸ்டீபன் அண்ணன் சிரித்தார். "என்னம்மா, டிபன் கேரியரா?"

"ஆமாண்ணா. பசிக்கறப்ப தொறக்கறேன்."

மூன்றாவது பாட்டில் அவர் கீபோர்டிலிருந்து தலையைத் திருப்பி அந்த மூலையைப் பார்த்தார். அவர் இடது கை தானாகவே ஒதுங்கிக்கொண்டது. நானும் கண்ணை மூடிப் பாடினேன், கால் பதிந்து நின்றது. முடிந்ததும் அவரே உன்னிடம் வந்தார். "அன்னிக்கு உன்ன வூட்ல வுட்டுட்டு வந்தது தப்பும்மா" என்றார். நீ அதைப் பெரிதாக்கவில்லை. "சாப்ட்டீங்களாண்ணா?" என்று கேட்டாய்.

கோயில் திருவிழாவுக்கு, திறந்த மைதானத்தில் வாசிக்கவேண்டி வந்தபோது, நீயாகவே பழைய பெரியதைக் கொண்டுவரச் சொன்னாய். நான் கிண்டல் செய்தேன். "மைதானத்துக்கு அதுதான் சரி. இதுல என்ன மானம் போவுது?" என்றாய். ஜெயித்ததைக் காட்டிக்கொள்ளாத ஒருத்தியை நான் முதன்முதலாகப் பார்த்தது உன்னிடம்தான்.

இப்போது நிகழ்ச்சிகளைப் பேசி முடிப்பது நான். முன்பெல்லாம் என்ன பாட்டு, என்ன புடவை என்றுதான் யோசிப்பேன். இப்போது ஒவ்வொருவரிடமும் முதலில் கேட்பது, "எப்படி வருவீங்க, எப்படித் திரும்பிப் போவீங்க?" என்பதைத்தான். போன வாரம் ஒரு நிகழ்ச்சி. நம்மோடு புதிதாக வயலின் வாசிக்கிறவருக்கு நிகழ்ச்சி முடிகிற நேரத்துக்குமேல் முத்தாண்டிக்குப்பம் போக பஸ் கிடையாது. நேரத்தைக் கொஞ்சம் முன்னால் வைத்துக்கொள்ளச் சொல்லி விழா வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

"ஒரு ஆளுக்காகவாம்மா?" என்றார்.

"ஆமாங்க. அவங்க இல்லாம நாங்க வாசிக்கறதில்ல" என்றேன்.