லைன் இல்லாத போர்டு

கூர்மையான காது படைத்த என் அப்பாவுக்கு,

உங்கள் கோதை சேவித்து எழுதுகிறேன். ஸ்ரீரங்கத்தில் எல்லோரும் சௌக்கியம். அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும்தான். எனக்குப் போன மாதம் சூபர்வைசர் பதவி கொடுத்திருக்கிறார்கள். இதை முதலில் உங்களிடம்தானே சொல்ல வேண்டும்? உங்களை ஒன்று கேட்கவும் வேண்டியிருக்கிறது. பத்து வருஷமாகக் கேட்காமலே வைத்திருக்கிறேன்.

அணா போய் நயா பைசா வந்த வருஷம் அது. ஸ்கூல் முடிக்கப்போகும் பெண்களை வேலை நடக்கும் இடங்களுக்கு அழைத்துப் போய்க் காட்டினார்கள். முதலில் ஆஸ்பத்திரி, அப்புறம் ஓர் அச்சகம். மூன்றாவதாகத் திருச்சி டெலிபோன் எக்ஸ்சேஞ்ச். நீங்கள் எதற்கும் சம்மதித்துக் கையெழுத்துப் போடவில்லை. வைதேகி அக்காவை நாக்பூருக்குக் கட்டிக்கொடுத்து அனுப்பியதே போதும் என்றீர்கள். அக்கா போன இரண்டாம் வருஷம் பிரசவத்தில் இறந்துபோனாள். தந்தி நம் கைக்கு வந்தபோது அங்கே எல்லாம் முடிந்திருந்தது. அதன்பிறகு ஒரு பெண்ணை எங்கேயும் அனுப்பும் பேச்சே நம் வீட்டில் எழவில்லை.

எக்ஸ்சேஞ்சையாவது பார்க்க வேண்டும் என்று நான் இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தேன். மூன்றாம் நாள் காலையில், "நானும் வரேன். பார்த்துட்டுத்தான் சொல்லுவேன்" என்றீர்கள். வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் தேடித்தான் வருகிறீர்கள் என்று எனக்குத் தெரியும்.

பஸ்ஸில் இருபது பெண்கள், ஒரு டீச்சர், நடுவில் பஞ்சகச்சமும் திருமண்ணுமாக நீங்கள். காவிரிப் பாலம் தாண்டும்வரை தோழிகள் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டே வந்தார்கள். நான் உங்களைத் தெரியாதவள்போல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அதற்கு இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை.

அந்த நீள அறை உங்களுக்கு நினைவிருக்கும். பட்டப்பகல். ஆனால் தூசி வராமலிருக்க ஜன்னல்களையெல்லாம் சாத்தியிருந்தார்கள். பதினைந்து பெண்கள் எங்களுக்கு முதுகைக் காட்டி, ஆளுயரப் போர்டுகளில் ஒயரைச் செருகி லைன் இணைத்தபடி வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். இத்தனை பேர் உள்ளே வந்தும் ஒருத்திகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லோரும் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள், அந்த அறையில் இல்லாத யார்யாரோடோ. எனக்கு உடம்பு சிலிர்த்தது. வீட்டுக்குப் போய்விடலாமா என்றுகூடத் தோன்றியது.

சூபர்வைசர் ரோஸ் மேடம்தான் என்னை நிலைக்குக் கொண்டுவந்தார். பிளக்கை எப்படிப் பிடிப்பது, போர்டில் மூன்று அழைப்பு விளக்கு ஒன்றாக எரிந்தால் எதை முதலில் எடுப்பது, குரலை எவ்வளவு தாழ்த்துவது என்று பொறுமையாகக் காட்டினார். பெண்கள் சாப்பிடும் அறை, டூட்டி எழுதிய தாள், வாசல் காவல்காரர் எல்லாவற்றையும் நீங்களும் பார்த்தீர்கள். அந்த ஒரு மணி நேரம் எனக்கு எவ்வளவு உதவியது தெரியுமா? இன்டர்வியூவில், போர்டை எப்போதாவது பார்த்ததுண்டா என்று கேட்டார்கள். பார்த்ததைப் பார்த்தபடியே சொன்னேன். என்னோடு சேர்ந்தவர்களில் இரண்டு பேர் முதல் நாளே அழுதார்கள். முகமில்லாத குரல்கள் வீடுவரை கூடவே வருகின்றன என்று ஒருத்தி ஒரே வாரத்தில் நின்றுவிட்டாள். நான் பயப்பட வேண்டியதையெல்லாம் முன்கூட்டியே பயந்து முடித்திருந்தேன்.

அன்றைக்கு மூலையில் தனியாக ஒரு போர்டு இருந்தது. ரோஸ் மேடம் எங்களை ஒவ்வொருவராக அதில் உட்காரவைத்து ஹெட்போனை மாட்டிவிட்டார். எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. கடைசியில் உங்களைப் பார்த்து, "ஐயா, நீங்களும் உக்காந்து பாருங்க" என்றார்.

பிறத்தியார் காதில் வைத்தது என்று தயங்கினீர்கள். பிறகு அங்கவஸ்திரத்தால் துடைத்துவிட்டு மாட்டிக்கொண்டீர்கள். கோயில் கோஷ்டியில் முப்பது பேர் சேர்ந்து பாசுரம் சேவிக்கும்போது, யார் எந்தச் சொல்லை விட்டார் என்று கண்ணை மூடியபடி சொல்கிறவர் நீங்கள். அன்றும் அப்படித்தான் கண்ணை மூடினீர்கள். உங்கள் உதடு அசைந்தது. டீச்சர் இரண்டு முறை கூப்பிட்ட பிறகுதான் எழுந்தீர்கள். உங்கள் முகத்தில் ரத்தமே இல்லை. மறுநாள் காலை என் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டிருந்தீர்கள்.

நான் வேலையில் சேர்ந்த மூன்றாம் மாதம் உங்களுக்கு ஜுரம் கண்டது. நான்கே நாள். கடைசியாக என்னிடம், "நாளைக்கு டூட்டி உண்டோன்னோ? நிறுத்தாதே. போயிட்டு வா" என்றீர்கள்.

பதின்மூன்றாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் போன பிறகு அம்மா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டாள். நீங்கள் யாரிடமும் சொல்லக்கூடாது என்றிருந்தீர்களாம்.

"அந்தக் கருவியிலே வைதேகி பேசினாளாம்டீ. 'அப்பா, நான் நன்னா இருக்கேன். கோதையை அனுப்பிடுங்கோ'ன்னாளாம்."

"எங்கே அனுப்பணுமாம்மா?"

"அதை அவ சொல்லலையாம்."

யாரோ ஒரு பெண் எங்கிருந்தோ தன் அப்பாவோடு பேசியது லைனில் குறுக்கே விழுந்திருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். ஊரில் ஒரே ஒரு கோதையா இருக்கிறாள்? அடுத்த வாரம் மெக்கானிக்கிடம், அந்த மூலைப் போர்டு எந்த லைனில் இருக்கிறது என்று சும்மா கேட்பதுபோலக் கேட்டேன். அவர் பின்பக்கப் பலகையைக் கழற்றிக் காட்டினார். ஒயர்கள் ஒரு முழம் வந்து, சுருட்டிக் கட்டப்பட்டு, அங்கேயே நின்றிருந்தன.

"இதுல லைனே கிடையாதுங்க. புதுசா வர்றவங்க கை பழகறதுக்கு வச்சது. எதுவும் கேக்காது."

அப்பா, அக்கா எங்கே அனுப்பச் சொன்னாள்? நீங்கள் எங்கே என்று எடுத்துக்கொண்டீர்கள்? என்னை எக்ஸ்சேஞ்சுக்கு அனுப்பிவிட்டு, அவள் கூப்பிட்ட இடத்துக்கு எனக்குப் பதில் நீங்கள் போய்விட்டீர்களா? அம்மாவிடம் இதைக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. அந்த ஹெட்போனையும் அதன்பிறகு நான் காதில் வைக்கவில்லை.

இப்போது வருஷாவருஷம் ஸ்கூல் பெண்கள் வருகிறார்கள். சுற்றிக்காட்டுவது என் வேலை. அப்பா அம்மாவையும் அழைத்து வரலாம் என்று நான்தான் ஸ்கூல்களுக்குச் சொல்லியனுப்பினேன். பெண்ணை அனுப்பப்போகிறவர்கள், அவள் உட்காரும் நாற்காலியையாவது பார்க்க வேண்டாமா?

போன வாரம் காந்தி மார்க்கெட்டில் எலுமிச்சம்பழம் விற்கும் பாத்திமா பீவி என்ற அம்மாள், மகள் நூர்ஜஹானோடு வந்திருந்தார். கணவர் காலமாகி நான்கு வருஷமாம். ஆம்பளை இல்லாத வீட்டிலிருந்து பெண்ணை வேலைக்கு அனுப்பினால் நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று வாசலிலேயே சொல்லிவிட்டுத்தான் உள்ளே வந்தார். வரிசையாகக் காட்டிக்கொண்டே வந்தேன். மூலைக்கு வந்ததும், நான் சொல்லாமலே அவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்து ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டார்.

நான் தடுக்கவில்லை. மகள் சிரித்தாள். அந்த அம்மாள் சிரிக்கவில்லை. தலையை லேசாகச் சாய்த்து, ரொம்ப நேரம், யாரோ சொல்லி முடிக்கக் காத்திருப்பதுபோல இருந்தார். ஒருமுறை "ம்" என்றார். பிறகு மெல்லக் கழற்றி வைத்தார். முந்தானையால் காதைத் துடைத்துக்கொண்டு, என்னை நேராகப் பார்த்துக் கேட்டார்.

"புள்ள எப்ப வந்து சேரணும்ங்க?"

திங்கட்கிழமைக்குள் விண்ணப்பம் கொடுக்கச் சொன்னேன்.

உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன், அப்பா. நான் இங்கே இருக்கும்வரை, பெண்ணோடு வரும் யாரையும் வாசலில் நிறுத்தமாட்டேன். உள்ளே அழைத்து உட்காரவைப்பேன். எழுந்து வரும்போது என்ன கேட்டது என்று மட்டும் கேட்கமாட்டேன்.

உங்களுக்கு மிஞ்சிய பெண்,
கோதை